லீடர்கிட்ட சொன்னியா?

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் என் மகளுக்கு நான் அம்மா கிடையாது. அது நானே போட்ட சட்டம். பள்ளிக்கூட மைதானத்து கேட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டால் நான் கேப்டன், அவள் அங்கே நிற்கும் பெண்களில் ஒருத்தி. தண்ணீர் பாட்டிலை மறந்து வந்தால் என்னுடையதை வாங்கிக் குடிக்கக் கூடாது. முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும் 'அம்மா' என்று ஓடி வரக் கூடாது. இதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சாரணர் என்றால் எல்லாருக்கும் காக்கிச் சட்டை போட்ட பையன்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பெண் பிள்ளைகளுக்கும் அது உண்டு. அவர்களைச் சாரணியர் என்பார்கள், ஆங்கிலத்தில் கைட்ஸ். அவர்களை நடத்துகிற டீச்சரைக் கேப்டன் என்பார்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் அதை நடத்திக்கொண்டிருந்த டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை, யாராவது முன்வந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் என் கை என்னைக் கேட்காமல் மேலே போய்விடும். பிறவிக் கோளாறு. வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, சனிக்கிழமை பாதி நாளும் கம்பெனி, மிச்சம் இருக்கிற நேரம் இதுக்கா என்று கேட்டார். 

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். பள்ளியில் நானும் கைட்ஸில் இருந்தவள்தான். டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு டிரெய்னியாக வந்து, ஹாஸ்டலில் கிடந்து, பென்னலூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் கொஞ்சம் பெரிய பொறுப்பு. அதனால் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய், ஸ்கார்ஃப் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தபோது, இதெல்லாம் நமக்கு ஒரு விஷயமா என்ற நினைப்பு தலைக்கு ஏறியிருந்தது.

முதலில் அம்மா கிடையாது என்ற சட்டமெல்லாம் இல்லை. ஒரு விழா நாளில் கொடி ஏற்றும் வேலையை என் மகளுக்குக் கொடுத்தேன். கொடியை மடித்துக் கட்டுவதில் அவள் கைதான் சுத்தம், அது நிஜம். விழா முடிந்து வெளியே வரும்போது கேட்டருகே இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவங்க பொண்ணு இருக்கும்போது வேற யாருக்குக் குடுப்பாங்க என்று ஒருத்தி சொன்னாள். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. கம்பெனியில் என் மேல் ஒரு குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. இங்கே வந்து, சம்பளமில்லாத வேலைக்கு, இந்தப் பேச்சா என்று அன்றிரவு பொருமிக்கொண்டே கிடந்தேன்.

அடுத்த வாரமே சட்டம் வந்துவிட்டது. மைதானத்தில் அம்மா கிடையாது. அதோடு நிற்காமல் என் கம்பெனிப் புத்தியையும் உள்ளே கொண்டுவந்தேன். லைனில் ஒரு பாகம் தப்பாக வந்தால் வேலை செய்கிறவர் நேராக என் மேஜைக்கு ஓடி வர முடியாது. முதலில் லைன் லீடர், அவருக்கு மேல் சூப்பர்வைசர், அவர்களால் தீராததுதான் என்னிடம் வரும். அப்படி இல்லாவிட்டால் ஒரு ஷிஃப்ட் ஓடாது. சாரணியரிலும் பிள்ளைகளைச் சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவியை வைப்பதுதான் முறை. பிள்ளைகள் அவளை லீடர் என்பார்கள். ஆக, யார் எதற்கு என்னிடம் வந்தாலும் என் வாயில் வரும் முதல் கேள்வி, "லீடர்கிட்ட சொன்னியா?" பாதிப் புகார்கள் அந்தக் கேள்வியிலேயே கரைந்து போய்விடும். பிள்ளைகள் தாங்களாகவே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று தலைமையாசிரியை மெச்சினார்.

என் மகள் மேல்தான் இந்தச் சட்டம் முழுப் பாரத்தோடு இறங்கியது. அவள் முடிச்சு சரியாக இருந்தால் பக்கத்துப் பெண்ணின் முடிச்சைத் தூக்கிப் பிடித்துப் பாராட்டுவேன். அவள் தப்பு செய்தால் மட்டும் குரல் உயரும். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "சரி, கேப்டன்" என்பாள். வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக் கழற்றியதும் அம்மா, பசிக்குது என்று வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். இரண்டு பேருக்கும் இது ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாடிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

அவளுடைய லீடர் பத்தாம் வகுப்புப் பெண். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். தம்பிக்குச் சோறு போட்டு, தலை சீவிப் பள்ளிக்கு அனுப்புவது வரை இந்தப் பெண்ணின் பொறுப்பு. அதிகம் பேச மாட்டாள். நான் ஒன்று சொன்னால் கண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொள்வாள். மறுபடி சொல்ல வேண்டியிருக்காது. என் கம்பெனியில் இப்படி ஒரு லைன் லீடர் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்ததுண்டு.

போன வருஷம் அரைப் பரீட்சை லீவில் மணிமங்கலத்துப் பக்கம் ஒரு பள்ளியில் கேம்ப் போட்டோம். இரண்டு ராத்திரி. பிள்ளைகள் தாங்களே டென்ட் அடித்து, கல் கூட்டி அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிட வேண்டும். எந்த அணி சுத்தம், ஒழுங்கு, சமையல் எல்லாவற்றிலும் அதிக மார்க் வாங்குகிறதோ அந்த அணிக்குக் கடைசி நாளில் கேம்ப் கொடி கிடைக்கும். அந்தக் கொடிக்காகப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். என் மகளின் அணிதான் முன்னால் இருந்தது. அதற்காக நான் அவர்கள் டென்ட் பக்கமே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வீட்டு நினைப்பில் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் குடும்பம் தென்காசியிலிருந்து வந்தது. அப்பாவும் அம்மாவும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், ஒரே ஓர் அறைதான் வீடு. பிறந்ததிலிருந்து அம்மாவை ஒட்டாமல் தூங்கியதே இல்லையாம். அவளைச் சாமான்கள் வைத்திருந்த வகுப்பறைக்குக் கூட்டிப்போய், மடியில் சாய்த்து, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். என் ஊர்ப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. விசும்பல் மெல்ல அடங்கியது.

"அழாத தாயி. இங்க இருக்கிற வரைக்கும் நாந்தான் உனக்கு அம்மா" என்றேன்.

அப்போது வாசலில் "கேப்டன்" என்று ஒரு குரல். என் மகள் குரல்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையெல்லாம் எண்ணெய், மடியில் அந்தப் பிள்ளை வேறு கண்ணயர்ந்துகொண்டிருந்தது.

"லீடர்கிட்ட சொன்னியா?"

"இல்ல, கேப்டன்."

"மொதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு."

"சரி, கேப்டன்."

அவ்வளவுதான். செருப்புச் சத்தம் வராந்தாவில் போனது. அது எனக்குக் காதில் விழுந்ததாகக்கூட அப்போது நினைவில்லை. இப்போதுதான் அடிக்கடி கேட்கிறது.

மறுநாள் காலை அணிவகுப்பில் உடைகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் நீலச் சுடிதாரில் நிற்க, என் மகள் மட்டும் கீழே கறுப்பு பேன்ட் போட்டிருந்தாள். அதுவும் அவள் அளவு இல்லை, கணுக்காலில் மடித்துவிட்டிருந்தாள். வேறு பிள்ளையாக இருந்திருந்தால் ஏனம்மா என்று கேட்டிருப்பேன். என் பிள்ளை என்பதால் கேட்கவில்லை. கேம்புக்கு வரும்போது யூனிஃபார்ம்கூடச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதா, வீட்டில் எடுத்து வைக்க ஆள் இருக்கிறது என்ற மிதப்பா என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் அணிக்கு மார்க்கைக் குறைத்தேன். லீடர் ஓரடி முன்னால் வந்தாள், ஏதோ சொல்லப்போகிறவள் மாதிரி. என் மகள் அவள் கையைப் பிடித்தாள். லீடர் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒழுங்கு பழகிவிட்டது என்று எனக்கு உள்ளூரத் திருப்தி. கேம்ப் கொடி வேறு அணிக்குப் போனது. அந்த அணியின் பெற்றோர் வந்து என் கையைக் குலுக்கினார்கள். சொந்தப் பிள்ளை என்றுகூடப் பார்க்காத நேர்மையாம். அதையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மதியம் என் கணவர் வந்து மகளை வண்டியில் கூட்டிப் போனார். நான் டென்ட்டுகளையும் அண்டா குண்டான்களையும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு சேர்ந்தபோது அவள் தூங்கிவிட்டாள். மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே எனக்குக் கம்பெனி பஸ். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஐடி கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, முகம் கழுவி, டீ போட்டு உட்கார்ந்தேன். அதுவரை பார்த்துக்கொண்டே இருந்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் பெரியவளாயிட்டேன்."

டீயைக் கீழே வைத்தேன். அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். எப்ப, எப்ப என்று கேட்டேன். கேம்ப்ல, ரெண்டாவது நாள் சாயங்காலம் என்றாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கோபம்கூட வந்தது. இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாளே, நான் என்ன வேற்றாளா என்று.

"அம்மா அங்கதானே இருந்தேன். என்கிட்ட ஏன்டி வந்து சொல்லல?"

"வந்தேன்மா" என்றாள்.

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்கு உள்ள பதிலைச் சொல்கிறாள், அவ்வளவுதான். லீடரிடம் சொல்லச் சொன்னாய், சொன்னேன், அந்த அக்கா எல்லாம் பார்த்துக்கொண்டாள் என்றாள். முதலுதவிப் பெட்டியில் நான் வாங்கி வைத்திருந்த நாப்கினைத்தான் லீடர் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தன் மாற்று பேன்ட்டைக் கொடுத்துவிட்டு, இவளுடையதை அலசி, யார் கண்ணிலும் படாமல் டென்ட்டுக்குப் பின்னால் உலர்த்தியிருக்கிறாள். வயிற்று வலிக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். ராத்திரி பயந்து எழுந்தபோதெல்லாம் முதுகைத் தடவிவிட்டிருக்கிறாள். காய்ந்தும் காயாமலும் இருந்ததால்தான் காலையில் அந்தக் கறுப்பு பேன்ட். அதற்குத்தான் நான் மார்க்கைக் குறைத்தேன்.

 முப்பது பேருக்கு அம்மாவாக இருக்கப் போனவள், என் வயிற்றில் பிறந்தது வாசலில் வந்து நின்றபோது தலையைக்கூடத் திருப்பவில்லை. பயந்திருப்பாள். என்ன ஏதென்று தெரிந்திருந்தாலும் பயந்திருப்பாள். எனக்கு வந்தபோது என் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது நினைவு வந்தது. என் மகள் யாருடைய துப்பட்டாவில் முகத்தைப் புதைத்தாளோ. கேட்கத் துணிவில்லை.

அதற்குள் என் கணவரின் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. என் நாத்தனார் நல்ல மனுஷி. ஆனால் வாய் நீளம். ஃபோனில் முதலில் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு வேலைக்கு வந்தார். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல வேண்டும். பெண் பெரியவளான நேரத்தை வைத்து ஜாதகம் எழுத வேண்டுமே.

"கேம்புக்குப் போய்கினு வந்தாளே, அங்கயா? கூடத்தானே இருந்த, நீ இன்னா பண்ணிகினு இருந்த?" என்று கேட்டார்.

"இல்லக்கா. இன்னைக்குத்தான். இப்பதான், சாயங்காலம். வீட்லதான்" என்றேன்.

பொய் அவ்வளவு வழவழப்பாக வந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கதை சொந்தபந்தமெல்லாம் சுற்றும். பெற்றவள் பக்கத்தில் இருந்தும் எவளோ ஒரு பெண் பார்த்துக்கொண்டாளாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் என் தலை உருளும். அதைத்தான் நினைத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 

லீவு முடிந்து வந்த முதல் சனிக்கிழமை மைதானத்தில் லீடரைத் தனியாகக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டுவிட்டேன். கேட்கும்போதே அது எனக்கே கேவலமாக இருந்தது. சொல்லலாம் என்றுதான் நினைத்தாளாம். என் மகள்தான் வேண்டாம் என்றிருக்கிறாள்.

"கேம்ப்ல சொன்னா கேப்டனுக்குத்தான் தெரியும், வூட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்னு சொன்னா, கேப்டன்."

இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று என் பிள்ளை நம்பியிருக்கிறாள். குறைத்த மார்க்கைத் திருப்பித் தந்து அவர்கள் அணியின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று துடித்தேன். ஏன் என்று சொல்லாமல் தர முடியாது. அதனால் தரவில்லை. சில வாரம் கழித்து, இனிமேல் யாரும் எதற்கும் நேராக என்னிடம் வரலாம் என்று வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் அறிவித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். என் மகளும் மற்றவர்களோடு சேர்ந்து "சரி, கேப்டன்" என்றாள். இன்றுவரை ஒருமுறைகூட நேராக வந்ததில்லை. கோபத்தில் அல்ல. அவளுக்கு லீடர் போதும்.

சடங்கை லீவு, முகூர்த்தம் எல்லாம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். வீட்டு வாசலில் ஷாமியானா. என் தம்பி விருதுநகரிலிருந்து தாய்மாமன் சீரோடு வந்து இறங்கினான். அத்தை முறைக்கு நாத்தனார்தான் முன்னால் நின்று தண்ணீர் ஊற்றினார். புதுப்புடவையும் மாலையுமாக மகளைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. சாரணியர் பிள்ளைகளையும் அழைத்திருந்தேன். நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள், ஆனாலும் பழக்கதோஷத்தில் வரிசையாகத்தான் நின்றார்கள். முன்னால் லீடர், கையில் எல்லாரும் சேர்ந்து வாங்கிய பரிசுப் பொட்டலம்.

நாத்தனாருக்கு அன்று கொண்டாட்டம். ஜோசியர் எழுதிக் கொடுத்த ஜாதகம் அமோகமாக இருப்பதாக ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு கிழவி, கேம்பிலிருந்து வந்த மறுநாளேவா என்று இழுத்தாள். நாத்தனார் சிரித்துக்கொண்டே என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"நீயே சொல்லுடி. மொதல்ல யாராண்ட சொன்ன?"

"அம்மாகிட்டதான், அத்தை" என்றாள் மகள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்லித் தரவும் இல்லை. அந்தச் சபையில் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவளாக முடிவு செய்திருக்கிறாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவைத்தானே தேடும் என்று ஒருத்தி சொன்னாள். 

நாத்தனார் அதோடு விடவில்லை. பொட்டலத்தை நீட்டிக்கொண்டு நின்ற லீடரைப் பார்த்தார்.

"நீதானே கேம்ப்ல இவ கூட இருந்த? அங்க ஒண்ணும் இல்லியே?"

அந்தப் பெண் முதலில் என் மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அணிவகுப்பில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று என் முகத்தைப் பார்ப்பாளே, அதே பார்வை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கேம்பில்தான் ஆச்சு, இந்தப் பிள்ளைதான் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது என்று. அவள் தலையில் கை வைத்து, எல்லார் முன்னாலும், அதைச் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அதையே என் உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

"இல்ல ஆன்ட்டி. அங்க ஒண்ணும் இல்ல" என்றாள்.

நாத்தனார் பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளை முதல் பந்தியில் உட்காரச் சொன்னார். எனக்காகப் பொய் சொன்ன பெண், மற்ற பெண்களை வரிசை கலையாமல் சாப்பிடக் கூட்டிப் போனாள்.